எட்டு சைக்கிளில் வந்த கட்டைகள்

வல்பனேரா அத்தைக்குச் சமையல் பிடிக்காது. இதை எந்த வெளிநாட்டுக்காரரிடமும் நான் சொன்னதில்லை. சனிக்கிழமை தோறும் எட்டுப் பேரோ பத்துப் பேரோ ஸ்பெயினின் எப்ரோ ஆற்றோரமாக இருபத்திரண்டு கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து, மேட்டு ஒயின் ஆலையில் மூன்று கோப்பை ருசி பார்த்து, முகம் சிவக்க, பசியோடு அவள் வீட்டு முற்றத்தில் வந்து இறங்குவார்கள். ‘பரம்பரைச் சமையலைப் பரம்பரைக் கைகளிடம் கற்றுக்கொள்ளுங்கள்’ என்று ஆலைக்காரர்கள் இணையத்தில் அவள் படத்தோடு போட்டிருந்தார்கள். பரம்பரைக் கைகளாவது, மண்ணாவது! முப்பத்தோரு வருடம் காய்கறியை டப்பாவில் அடைக்கும் ஆலையில் சுட்ட குடமிளகாய்க்குத் தோல் உரித்த கைகள் அவை. வீட்டில் சமைத்ததெல்லாம் அவள் புருஷன் இலாரியோதான், அதுவும் லாரி ஓட்டாத நாட்களில். அவன் போன பிறகுதான் இவளே அடுப்புப் பக்கம் போனாள்.

நான் எமெதேரியோ. ஊரில் எல்லோருக்கும் தேரியோ. சைக்கிள்களைத் துடைத்து, காற்றடித்து, முன்னால் ஓட்டிக்கொண்டு போய், திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பது என் வேலை. அரைகுறை ஆங்கிலம் தெரியும் என்பதால் அத்தை பேசுவதை மொழிபெயர்ப்பதும் என் தலையில் விழுந்தது. மொழிபெயர்ப்பு என்று நான் சொல்வது மரியாதைக்கு. உண்மையில் அவள் திட்டுவதை நான் பாராட்டாக மாற்றிக்கொண்டிருந்தேன்.

எங்கள் ரியோகா பக்கத்து உருளைக்கிழங்குக் குழம்புக்குக் கிழங்கை வெட்டக் கூடாது. கத்தியைப் பாதி இறக்கி, நெம்பி முறிக்க வேண்டும். ‘டக்’ என்று சத்தம் வர வேண்டும். முறித்த இடத்திலிருந்து மாவு இறங்கினால்தான் குழம்பு கெட்டிப்படும். இதைத்தான் அவள் வாரா வாரம் சொல்லிக்கொடுத்தாள்.

“இந்தத் தாடிக்காரனைப் பாருடா, கிழங்கை இழைச்சுக்கிட்டு இருக்கான். இவனுக்குக் கல்யாணம் ஆயிருச்சான்னு கேளு. பாவம் அந்தப் பொண்ணு.”

“நீங்கள் மிக நிதானமாகச் செய்கிறீர்களாம்” என்பேன் நான். தாடிக்காரன் பூரித்துப்போவான்.

யாராவது ஒருவர் கட்டாயம் பாயெல்லா என்கிற வாலென்சியாப் பக்கத்துச் சோறு எப்போது செய்வோம் என்று கேட்பார். அன்றைக்கு அத்தைக்கு நாக்கில் சனி.

“நான் என்ன வாலென்சியாக்காரியா? சோறு வேணும்னா இன்னும் நானூறு கிலோமீட்டர் மிதிக்கச் சொல்லு. கடல் தெரியற வரைக்கும் நிக்க வேண்டாம்னு சொல்லு.”

“அடுத்த முறை வரும்போது பார்க்கலாமாம்.”

அவள் குரலையும் என் சிரிப்பையும் சேர்த்துப் பார்த்துவிட்டு, எவ்வளவு அன்பான பெண்மணி என்று எழுதிவைத்துப் போவார்கள்.

அவள் உயிர் வேறிடத்தில் இருந்தது. ஊருக்கு மேலே, ஒயின் ஆலையை ஒட்டின சரிவில், அரை ஹெக்டேருக்கும் குறைவான ஒரு கல்லாங்காடு. அதில் எண்ணூற்று நாற்பது திராட்சைச் செடிகள். எல்லாம் அவள் அப்பா நட்டவை. சொத்துப் பிரிக்கும்போது ஆற்றோரத்து நல்ல மண்ணை அண்ணன்கள் இரண்டு பேரும் எடுத்துக்கொண்டு, தங்கைக்குக் கல்லை விட்டார்கள். அவள் முகம் சுளிக்கவில்லை. டப்பா ஆலையில் வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் நேரே மேட்டுக்குத்தான் போவாள். மகன் மில்யானை வயிற்றில் சுமந்துகொண்டு கிளை கழித்தாள். இலாரியோவை அடக்கம் செய்த மறுநாள் களை எடுத்துக்கொண்டிருந்தாள். அதை ஊரில் சிலர் தப்பாகப் பேசினார்கள். எனக்கு அதில் தப்பு ஒன்றும் தெரியவில்லை. அழுவதற்கு அவளுக்கு வேறு இடம் இல்லை.

அந்தத் திராட்சையில் முக்கால்வாசி கூட்டுறவுச் சங்கத்துக்குப் போகும். மிச்சத்தில் வீட்டுக்கு ஒரு பீப்பாய் ஒயின் போடுவாள். உள்ளதைச் சொல்கிறேன், புளிப்பென்றால் அப்படி ஒரு புளிப்பு. கண்ணை மூடிக்கொண்டு விழுங்கி, “பிரமாதம் அத்தை” என்று சொல்லாத ஆண்பிள்ளை எங்கள் ஊரில் கிடையாது. இப்போது யோசித்தால், அவளிடம் பொய் சொல்லும் பழக்கம் ஊருக்கு அங்கேதான் ஆரம்பித்திருக்கிறது.

இந்த வருடம் ஜனவரியில், மூன்று ராஜாக்கள் திருநாளன்று, முற்றத்துப் பனியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டாள். அறுபத்தெட்டு வயது. பக்கத்து நகரமான லொக்ரோன்யோவில் அறுவை சிகிச்சை. புண்ணில் சீழ் வைத்து, மறுபடி திறந்து, மறுபடி மூடி, நடக்கப் பழக்கி அனுப்புவதற்குள் ஏப்ரல் முடிந்துவிட்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோது தன் சார்பில் கையெழுத்துப் போடும் உரிமையை மகன் மில்யானுக்கு எழுதிக்கொடுத்தாள். வைத்தியத்துக்காகத்தான் கொடுத்தாள். அவன் மார்ச் மாதத்தில் அதை வைத்துத் தோட்டத்தை ஒயின் ஆலைக்கு விற்றுவிட்டான்.

மில்யானைக் கெட்டவன் என்று சொல்ல வாய் வரவில்லை. லொக்ரோன்யோவில் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை, தலைக்கு மேல் கவலை, முதுகுத்தண்டில் வலி. மருத்துவர் அவனைத் தனியாகக் கூப்பிட்டு, இனி உங்கள் அம்மா மேடு ஏற மாட்டார் என்று சொல்லியிருக்கிறார். ஆலைக்கு இடம் தேவைப்பட்டது. வெளியூர் ஆட்கள் வந்தால் பேருந்து நிறுத்த வேண்டும், நின்று படம் எடுக்க ஒரு மேடை வேண்டும். ஒரு காலையில் இயந்திரம் வந்தது. பத்தரைக்கு ஆரம்பித்து மதியச் சாப்பாட்டுக்கு முன் எண்ணூற்று நாற்பதையும் பிடுங்கிப் போட்டுவிட்டது. நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். பிறகு சரளை கொட்டினார்கள், வெள்ளைக் கோடு போட்டார்கள். சனிக்கிழமைகளில் நான் சைக்கிள்களை வரிசையாக நிறுத்துவது அந்தக் கோடுகளுக்குள்தான்.

மே மாதம் அவள் நடை வண்டியைத் தள்ளிக்கொண்டு வீடு திரும்பினாள். மில்யான் ஊர் மதுக்கடையில் எங்களையெல்லாம் வைத்துக்கொண்டு சொன்னான்.

“அம்மாகிட்ட யாரும் வாயத் தொறக்காதீங்க. லொக்ரோன்யோவுல முதியோர் இல்லத்துக்குக் கூட்டிட்டுப் போயிடறேன். அங்க போயிட்டா அவங்களுக்குத் தெரியவே வேண்டாம். கடைசி வரைக்கும் தோட்டம் இருக்குன்னே இருக்கட்டும்.”

அவள் மசியவில்லை. வீட்டை விட்டு வா என்று அவன் சொல்லும்போதெல்லாம் ஒரே பதில். “அறுவடை முடியட்டும்டா. தோட்டத்த வச்சுக்கிட்டு ஊரை விட்டுப் போறவ நான் இல்ல.” ஊரில் அவளைப் பிடித்து வைத்திருந்தது அது ஒன்றுதான். அது மார்ச்சிலேயே போய்விட்டது என்பது அவளுக்குத் தெரியாது.

மே மாதத்து முதல் சனிக்கிழமை. சைக்கிள்களைச் சுவரில் சாய்த்துக்கொண்டிருந்தேன். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவள் கேட்டாள்.

“மேட்டு வழியாத்தானே வந்தே? துளிர் விட்டிருக்கா?”

ஒரே ஒரு நொடி. அந்த நொடியில் உண்மையைச் சொல்லியிருந்தால் நான் மனிதன். “விட்டிருக்கு அத்தை” என்றேன்.

“எவ்வளவு?”

விரலைக் காட்டினேன். இவ்வளவு நீளம். அவள் முகம் மலர்ந்தது.

அதன் பிறகு நிறுத்த முடியவில்லை. ஜூனில் பூ பிடித்தது என்றேன். தெற்குச் சரிவில் முன்னால் பிடித்தது, வடக்கில் ஒரு வாரம் பின்னால் என்றேன். அவளுக்கு விவரம் வேண்டும். மொட்டையாகச் சொன்னால் சந்தேகப்படுவாள். மதுக்கடைக்காரன் செலெதோனியோ இலையில் பூஞ்சை லேசாகத் தட்டுகிறது என்றான். “கந்தகத் தூள் அடிச்சியா?” என்று அவள் மகனிடம் கேட்க, மில்யான் திருதிருவென்று விழித்துவிட்டு, அடித்தேன் என்றான். ரொட்டி வண்டிக்காரி போகிற போக்கில், “காய் நிறம் மாறிடுச்சு போலிருக்கே!” என்று கத்திவிட்டுப் போனாள். பாதிரியார் நேரடியாகப் பொய் சொல்லவில்லை. “கடவுள் நல்லதையே செய்வார்” என்று சொல்லி நழுவினார். ஊரே சேர்ந்து இல்லாத தோட்டத்தைக் கோடை முழுவதும் பயிர் செய்தது. சொந்தத் தோட்டத்தைக்கூட அவ்வளவு ஒற்றுமையாக நாங்கள் யாரும் பார்த்துக்கொண்டதில்லை.

எனக்கு அது ருசித்தும் போய்விட்டது, மறைக்க மாட்டேன். ஒரு சனிக்கிழமை ஆலங்கட்டி மழை விழவைத்தேன். எல்லாம் நல்லதாகவே நடந்தால் நம்ப மாட்டாள் என்று, கீழ்ப்பாதியில் இருபது சதவீதம் சேதம் என்று சொன்னேன். வெறும் வாயால் செய்த சேதம். அன்றைக்கு அவள் குழம்பில் உப்புப் போட மறந்துவிட்டாள்.

செப்டம்பர் வந்ததும் விஷயம் கையை மீறியது. அக்டோபர் முதல் சனிக்கிழமை அறுவடை என்று அவளே நாள் குறித்தாள். வளைந்த அறுவடைக் கத்திகள் நாலையும் சாணை பிடிக்கக் கொடுத்து வாங்கினாள். செலெதோனியோ, அவன் மைத்துனன், நான், தபால்காரர் என்று ஜூலையிலேயே பேசிவைத்திருந்த நாலு பேரையும் மறுபடி கூப்பிட்டுக் கேட்டாள். நாங்கள் நாலு பேரும், வருகிறோம் என்றோம்! “என்னை டிராக்டர் பெட்டியில நாற்காலியோட தூக்கி வச்சிருங்க. நான் மேல உக்காந்து பாத்துக்கறேன், எவன் கொத்தை விட்டுட்டுப் போறான்னு” என்றாள். மில்யானுக்குப் போன் போட்டு எச்சரித்தேன். செப்டம்பர் கடைசிக்குள் எப்படியாவது கூட்டிப்போய்விடுகிறேன் என்றான். எப்படி என்று கேட்டேன். “தெரியலடா, தெரியல” என்று வைத்துவிட்டான்.

அப்படி இருக்கும்போதுதான் அந்தச் சனிக்கிழமை வந்தது.

எங்கள் சமையல் வகுப்பில் கிழங்குக் குழம்புக்குப் பிறகு, பால்குடி மறக்காத ஆட்டுக்குட்டியின் விலாக்கறி. வேறு விறகில் அதைச் சுடுவது எங்கள் பக்கம் பாவம். குளிர்காலத்தில் கழித்த திராட்சைக் குச்சிகளைக் கட்டுக் கட்டாக வைத்திருந்து, அதன் தணலில்தான் சுட வேண்டும். வெள்ளிக்கிழமை பெய்த மழையில் கொட்டகை ஒழுகி, அத்தை வீட்டுக் கட்டுகள் அத்தனையும் ஊறிப்போயின. காலையில் புறப்படும்போதே சொல்லியனுப்பினாள்.

“வர்ற வழியில எவன்கிட்டயாவது காஞ்ச விறகு வாங்கிட்டு வா. ஈரத்தைப் போட்டா உன் ஆளுங்க எல்லாம் இருமியே செத்துருவாங்க.”

ஆலையில் ருசி பார்த்து முடித்து, ஆட்கள் வெயிலில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நிறுத்துமிடத்தின் ஓரத்தில், வேலிக்கு அந்தப் பக்கம், திராட்சைச் செடிகளின் அடிக்கட்டைகள் குவிந்து கிடந்தன. ஆறேழு மாத வெயிலில் காய்ந்து, பொறி பட்டால் பற்றிக்கொள்ளும் பதத்தில். குச்சித் தணல் நல்லதுதான். ஆனால் கட்டைத் தணல் கிடைத்தால் எங்கள் ஊர் ஆண்பிள்ளை எவனும் விடமாட்டான். சாம்பல் பூத்து ஒரு மணி நேரம் நிற்கும். வழியில் ஒரு கட்டை கிடந்தால் காரை நிறுத்தி எடுத்துப் போட்டுக்கொள்வோம். அந்தக் காரில் மாமியாருக்கு இடம் இருக்காது, கட்டைக்கு இருக்கும். வாரா வாரம் அந்தக் குவியலைப் பார்த்து எனக்கு நாக்கில் எச்சில் ஊறியிருக்கிறது. யாரும் கேட்பாரில்லாமல் வீணாகிறதே என்று.

சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். அவை யாருடைய கட்டைகள் என்று அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவே இல்லை. எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்தேன். மேட்டில் எடுத்த படங்களை அந்த வீட்டில் காட்டாதீர்கள் என்று ஒவ்வொரு குழுவிடமும் சொல்லிவைப்பேன். புதிதாக ஊருக்கு வந்தவர்களைக்கூட எச்சரித்திருந்தேன். ஆனால் கட்டையைக் கண்டதும் கை நீண்டுவிட்டது. ஒவ்வொருவர் சைக்கிள் பின்னாலும் ஒரு கட்டையை ரப்பர் கயிற்றால் கட்டினேன். அவர்களுக்கு ஒரே குதூகலம். நெதர்லாந்துக் கணவன் மனைவி தங்கள் கட்டைக்கு ஒரு பெயர்கூட வைத்தார்கள்.

எட்டு சைக்கிள்களும் மணியடித்துக்கொண்டு முற்றத்துக்குள் நுழைந்தபோது அத்தை அடுப்பங்கரை வாசலில் நின்றாள். பார்த்ததும் சிரித்துவிட்டாள்.

“அடேங்கப்பா! கட்டையா? இவனுங்க பொறந்ததுலேர்ந்து செஞ்ச ஒரே உருப்படியான வேலை இதுதான். எங்கடா பிடிச்சே?”

“வழியில கெடந்துச்சு அத்தை.”

“கொண்டா, கொண்டா. இப்படி என் பக்கத்துல போடச் சொல்லு.”

உள்ளே மேசையில் கிழங்குகள் ‘டக் டக்’ என்று முறிபட ஆரம்பித்தன. அத்தை வெளியே அடுப்புக்கு முன்னால் நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு கட்டையைத் தூக்கி மடியில் வைத்தாள். எது முதலில் போட, எது பிறகு போட என்று பார்ப்பது அவள் வழக்கம். கையால் தடவினாள். திருப்பினாள். கீழே வைத்துவிட்டு இரண்டாவதை எடுத்தாள். அதையும் திருப்பினாள்.

மூன்றாவதை அவள் எடுத்தபோதுதான் எனக்கு உறைத்தது.

எங்கள் பக்கம் செடிக்கு மூன்று கை விடுவார்கள். யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். தண்டிலிருந்து மூன்று கிளை, ஒவ்வொன்றிலும் இரண்டு முளை, அவ்வளவுதான். அதற்கு மேல் விட்டால் செடி களைத்துப்போகும். அத்தையின் அப்பா மட்டும் நாலு விட்டார். கல்லாங்காட்டில் ஒரு கை எப்படியும் காய்ந்துபோகும், ஒன்று உபரியாக இருக்கட்டும் என்பது அவர் கணக்கு. ஊர் கைகொட்டிச் சிரித்தது. அவருக்கு ‘நாலுகை’ என்றே பெயர் வைத்தது. அவர் மாற்றிக்கொள்ளவில்லை. இந்த வட்டாரத்திலேயே நாலு கையுள்ள கட்டை வேறெந்தத் தோட்டத்திலும் கிடையாது.

எட்டையும் பார்த்தாள். ஒவ்வொன்றிலும் விரல் வைத்துக் கைகளை எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. ஒன்றில் ஒரு கை காய்ந்து, வெட்டுப்பட்டு, தழும்பு மட்டும் இருந்தது. அந்தத் தழும்பைக் கட்டைவிரலால் அழுத்தினாள்.

“எல்லாமேவா?” என்றாள்.

நான் ரப்பர் கயிறுகளைச் சுருட்ட ஆரம்பித்தேன்.

“உன்னத்தான்டா கேக்கறேன். எல்லாமேவா?”

“எல்லாமேதான் அத்தை.”

“எப்போ?”

“மார்ச்சுல.”

உள்ளேயிருந்து தாடிக்காரர் ஒருவர் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து, கிழங்கு சரியாக முறிந்திருக்கிறதா என்று கேட்டார். அத்தை தட்டைப் பார்த்தாள். “நல்லா இருக்குன்னு சொல்லு” என்றாள். மொழிபெயர்க்க ஒன்றுமில்லாத முதல் வாக்கியம். அப்படியே சொன்னேன்.

பிறகு ஒரு கட்டையை எடுத்து அவளே அடுப்பில் வைத்தாள். மேலே இன்னொன்று. நெருப்பை அவளே மூட்டினாள். நான் கிட்டே போனேன், கையால் தள்ளிவிட்டாள். தணல் விழும் வரை அசையவில்லை. கறியை அடுக்கினாள், கல்லுப்பைத் தூவினாள், திருப்பினாள். ஒன்றுகூடக் கருகவில்லை. எட்டுப் பேரும் எலும்பைக் கையில் பிடித்து உறிஞ்சிச் சாப்பிட்டுவிட்டு, வாழ்நாளில் இப்படி ஒன்றைச் சாப்பிட்டதில்லை என்றார்கள். ஒரு பெண்மணி எழுந்து கை தட்டினாள், மற்றவர்களும் தட்டினார்கள்.

“என்னவாம்?”

“இவ்வளவு ருசியா சாப்பிட்டதே இல்லையாம்.”

“இருக்கும்” என்றாள். “இன்னும் போட்டுக்கச் சொல்லு.” அவள் தட்டு காலியாகவே இருந்தது.

சாப்பாடு முடிந்ததும், மிச்ச ஒயினோடு அவர்களை அத்திமர நிழலில் உட்கார வைத்துவிட்டு வந்தேன். அவள் அதே நாற்காலியில் இருந்தாள். திட்டுவாள் என்று தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். திட்ட வேண்டும் என்று வேண்டிக்கொண்டே நின்றேன்.

“ஜூன்ல பூ பிடிச்சுதுன்னியே?”

“இல்ல அத்தை. நானா சொன்னதுதான்.”

“ஆலங்கட்டி மழை?”

“அதுவும்.”

“அது எதுக்குடா?”

“நம்பணும்னு.”

“அதுக்கு நான் ஒரு வாரம் தூங்கல” என்றாள். “கீழ்ப்பாதியில சின்னச் செடிங்க நெறைய. எது எது போச்சோன்னு படுத்துக்கிட்டே ஒவ்வொண்ணா நெனச்சுக்கிட்டு கெடந்தேன்.”

நான் அழுதேன். ஐம்பத்துமூன்று வயசு ஆள், அத்திமரத்தடியில் எட்டு வெளிநாட்டுக்காரர்கள் பார்க்க, மூக்கைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டு அழுதேன். அவள் அழவில்லை.

“யாருக்கெல்லாம் தெரியும்?”

“அத்தை, அதெல்லாம் எதுக்கு இப்போ…”

“செலெதோனியோவுக்கு?”

“தெரியும்.”

“ரொட்டிக்காரிக்கு?”

“தெரியும்.”

“பாதிரியாருக்கு?”

தலையாட்டினேன்.

“அப்ப போன ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வெளிய வந்து நின்னப்போ, எல்லாரும் என்னச் சுத்தி நின்னு, எப்ப அறுவடை, எத்தனை கிலோ தேறும், ஆள் போதுமான்னு கேட்டாங்களே… நான் ஒவ்வொருத்தருக்கா பதில் சொல்லிக்கிட்டு நின்னேனே…”

தோட்டம் போனதை அவள் ஏதோ ஒரு வகையில் தாங்கிக்கொண்டிருப்பாள் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். அப்பா போனதை, இலாரியோ போனதைத் தாங்கினவள். ஆனால் அந்தத் தேவாலயத்து வாசலில் நடை வண்டியைப் பிடித்துக்கொண்டு, நல்ல உடுப்பில் நின்று, இல்லாத திராட்சைக்கு எடை சொல்லிக்கொண்டிருந்த தன்னை அவளால் பார்க்க முடியவில்லை. இனி எந்த முகத்தோடு அந்த வழியாக ரொட்டி வாங்கப் போவாள்? அவளுக்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு அவளை ஊர் நடுவில் கோமாளியாக்கியிருந்தோம். நாங்கள் எல்லோரும். அதில் முதல் ஆள் நான்.

“மில்யானுக்குப் போனப் போடு. வரச் சொல்லு.”

ஆட்களை ரயில் நிலையத்தில் இறக்கிவிட்டு, சைக்கிள்களைப் பூட்டிவிட்டு, ஆறு மணிக்கு நான் திரும்பி வந்தபோது மில்யான் வந்திருந்தான். கையில் ஒரு கோப்பு. விற்ற பத்திரம், மருத்துவர் கொடுத்த கடிதம், செடிகளுக்கு நோய் இருந்ததென்று யாரோ எழுதிக்கொடுத்த சான்று, எல்லாம் வைத்திருந்தான். மார்ச்சிலிருந்து இந்த நாளுக்காகப் பேச்சைத் தயார் செய்து வைத்திருப்பவன் மாதிரி ஆரம்பித்தான்.

“அம்மா, நான் சொல்றத முழுசா கேளுங்க. முதல்ல அந்த மண்ணு…”

“அதை உள்ள வை.”

“இல்லம்மா, நீங்க புரிஞ்சுக்கணும்…”

“உள்ள வைடா. அந்த இல்லத்துல எடம் இருக்கா?”

இப்படி ஒரு கேள்விக்கு அவனிடம் காகிதம் இல்லை. சண்டைக்குத்தான் தயாராக வந்திருந்தான்.

“இருக்கும்மா.”

“கேட்டுத்தான் சொல்றியா, சும்மா சொல்றியா?”

“ஜூலையிலேர்ந்தே பிடிச்சு வச்சிருக்கேம்மா. உங்க பேர்லயே. ரெண்டாவது மாடி, ஜன்னல் பக்கம்.”

ஜூலையில் அவள் எங்கள் நாலு பேரையும் கூப்பிட்டு உட்கார வைத்து, எலுமிச்சைச் சாறு கொடுத்து, யார் எந்த வரிசையை அறுப்பது என்று பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவள் மெல்லத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள்.

“இதுவும் உனக்குத் தெரியுமா?”

தெரியும். அந்த ஜன்னலை மில்யானோடு போய்ப் பார்த்துவிட்டு வந்தவனே நான்தான்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்குக் கார் வந்தது. செலெதோனியோ கடைக் கதவைப் பாதி சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்தான். ரொட்டி வண்டி அன்றைக்கு மணியடிக்காமல் போனது. ஒருவரும் வழியனுப்ப வரவில்லை. வர யாருக்கும் முகம் இல்லை. ஒரே ஒரு பெட்டிதான். அதை நான் தூக்கிக்கொண்டு வந்தேன். ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன். மடையன், நாய்க்குப் பிறந்தவன், எதுவாக இருந்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக நின்றேன். எத்தனை வருடம் வாங்கியிருக்கிறேன்.

முன் இருக்கையில் உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணாடியை இறக்கினாள்.

“பெட்டிய பின்னால வச்சிருங்க, எமெதேரியோ” என்றாள். “உங்களுக்கு ரொம்ப சிரமம் கொடுத்துட்டேன்.”

பிறந்ததிலிருந்து அவள் வாயால் ‘டேய்’ தவிர வேறொன்றும் கேட்காதவன் நான். பெட்டியை வைத்தேன். கதவைச் சாத்தினேன். கார் போனது.